அப்பாவின் பெஞ்சு

நியூ ஆர்நெம், அயோவா
நவம்பர் 30, 2009

தம்பி கெரிட்டுக்கு,

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நான்கு தெருக்கள்தான். இருந்தாலும் இந்தக் கடிதம் சூ சிட்டி வரை போய், முத்திரை குத்திக்கொண்டு, மூன்று நாள் கழித்து உன்னிடம் வரும். எனக்கு அந்த மூன்று நாள் தேவைப்படுகிறது. நேரில் வந்தால் வியாழக்கிழமை நன்றித் திருநாள் விருந்தில் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.

சாப்பாட்டின் நடுவில் எழுந்து போனதற்கு ஆர்டித்திடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். வான்கோழி பதமாக வெந்திருந்தது. என் கோபத்துக்கும் உன் மனைவியின் சமையலுக்கும் சம்பந்தமில்லை.

கல்லூரியிலிருந்து எனக்கும் ஓலை வந்தது. ஜனவரி பதினாறு, சனிக்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால் கூடைப்பந்து அரங்கத்தின் தரைக்கு உன் பெயரைச் சூட்டுகிறார்கள். "பயிற்சியாளரின் அண்ணன் என்ற முறையில்" நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். முப்பத்தெட்டு வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். உன் ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்குப் பின்னம் புரிந்தது என்னால்தான். அந்தக் கடிதத்தின்படி நான் உன் அண்ணன், அவ்வளவுதான்.

நான் பேசப் போவதில்லை. வரப் போவதும் இல்லை.

ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். கூட்டல் போடும்போது ஏழும் எட்டும் பதினைந்து என்றால் ஐந்தைக் கீழே எழுதிவிட்டு, ஒன்றை அடுத்த வரிசையின் தலையில் பொடியாக எழுதுவோம். அந்த ஒன்று இல்லாவிட்டால் விடை தப்பு. ஆனால் விடை வந்த பிறகு யாரும் அதைப் பார்ப்பதில்லை. சில பிள்ளைகள் ரப்பரால் அழித்தும் விடுவார்கள்.

தரையின் ஓரத்தில் எழுதப்போகும் வாசகத்தை என் மகன் ப்ரென்ட்தான் விருந்து மேசையில் வாசித்தான். "ஞாயிற்றுக்கிழமை எங்களுடையதல்ல. கெரிட் ஹூக்ஸ்ட்ரா, 1983." வாசித்துவிட்டு இன்னொரு முறையும் வாசித்தான். தன் பிள்ளைக்கு உன் பெயரை வைத்தவன் அவன். அதை நான் என்றோ விழுங்கிவிட்டேன். நீ என்ன செய்தாய்? அடக்கத்தோடு தட்டைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் குழம்பை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றாய். அப்போதுதான் எழுந்தேன்.

1983-இல் அந்தச் சனிக்கிழமை தொலைபேசியில் உன்னை ஆடவிடாமல் தடுத்தது யார், கெரிட்?

வெர்லின்

*

டிசம்பர் 7, 2009

அண்ணா,

உன் கடிதம் மூன்று நாளில் வரவில்லை. நான்கு நாள். தபால் துறைக்கும் கொஞ்சம் கணக்குச் சொல்லிக்கொடு.

நீதான் தடுத்தாய். நான் மறந்துவிட்டேன் என்றா நினைத்தாய்? கான்சாஸ் சிட்டி ஓட்டலின் அந்தத் தொலைபேசி நாற்றம்கூட நினைவிருக்கிறது. கல்லூரிகள் போட்டியின் அரையிறுதியில் வெள்ளிக்கிழமை ஜெயித்தோம். சனிக்கிழமை இறுதியாட்டம். பனிமழையில் கம்பிகள் அறுந்து அரங்கத்தில் மின்சாரம் போனது. ஆட்டத்தை ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் தள்ளினார்கள். நான் உன்னைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, நாளைக்கு ஆடச் சொல்றாங்க. பசங்க என் மூஞ்சியவே பாக்கிறானுங்க. ஆடிரலாம்னுதான் எனக்கும் தோணுது. அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு."

"கால் மணி நேரம் கழிச்சுக் கூப்பிடு" என்றாய். கூப்பிட்டேன்.

"அப்பா முடிவாச் சொல்லிட்டார்டா. ஓய்வுநாளான ஞாயித்துக்கெழமையில நீ ஆடினா அவர் சபை மூப்பர் பதவிய விட்டுருவாராம். சபையில மூப்பருங்க உக்கார்ற அந்த பெஞ்சில அப்புறம் உக்காரவே மாட்டாராம்."

போனை வைத்தேன். பையன்களிடம் போய், ஆடவில்லை என்று சொன்னேன். லைல் போஸ்ட்மா தன் காலணிகளைக் கழற்றி ஓட்டல் குப்பைத்தொட்டியில் போட்டான். கடைசி வருடப் பையன்.

போட்டிக் குழுவினர் காரணம் கேட்டார்கள். முப்பத்து நான்கு வயது ஆம்பளை, மூன்று பிள்ளைகளுக்கு அப்பன், "எங்கப்பா விடமாட்டேங்கறார்"னு எப்படிச் சொல்வேன்? வாயில் வந்ததைச் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை எங்களுடையதல்ல." பக்கத்தில் ஒரு பத்திரிகைக்காரர் நின்றிருந்தார். அவ்வளவுதான் என் வீரம்.

ஆர்டித் உன் வாசலில் வைத்த பட்டாணி சூப்பை எடுத்துக்கொண்டாயா? பாத்திரத்தைத் திருப்பித் தரும் சாக்கிலாவது வா.

கெரிட்

*

டிசம்பர் 21, 2009

கெரிட்டுக்கு,

சூப் எடுத்துக்கொண்டேன். பாத்திரத்தைச் சபையில் ஆர்டித்தின் மேல்கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். நீ அப்போது இருபது பேருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாய்.

உங்கள் பக்கத்தை விட்டு நான் வலது வரிசைக்கு மாறி உட்கார்ந்ததை ஊர் கவனித்துவிட்டது. போதகர் வந்து, "ஜன்னல் பக்கம் குளிருமே, வெர்லின்" என்றார். "குளிர் எனக்குப் பழக்கம்" என்றேன்.

வயதாகிவிட்டது, பொய்யாகப் பேச விருப்பமில்லை. எனக்குப் பொறாமை. அதன் பெயர் அதுதான். வேறு மரியாதையான பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஐந்தேகாலுக்குப் பயிற்சியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் உன் மகள் ரோடாவுக்குச் சாப்பாடு ஊட்டுகிறாய். அவளால் கையை உயர்த்த முடியாது; ஊட்டத்தான் வேண்டும். நல்ல அப்பன் நீ. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காப்பிக் கடையில் அதை ஒரு பிரசங்கம் போலச் சொல்கிறார்கள். "எந்தப் பெரிய பல்கலைக்கழகம் கூப்பிட்டும் போகலையாம்ல, அந்தப் பொண்ணுக்காக." நான் லோயிஸுக்கு ஒன்பது வருடம் ஊட்டினேன். கடைசி இரண்டு வருடம் என் மனைவிக்கு என் பெயர் தெரியாது. என்னை "அந்த வாத்தியார்" என்பாள். அவளை அடக்கம் செய்த அன்று எல்லாரும் என் கையைப் பிடித்துவிட்டு, அடுத்த நிமிடம் உன்னிடம் போய், "சனிக்கிழமை யாரோட ஆட்டம், கோச்?" என்று கேட்டார்கள். நீ பதில் சொன்னாய். மெதுவான குரலில்தான். ஆனால் சொன்னாய்.

என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஒரே விடையை எழுதியிருந்தால் வழியைப் பார்ப்பேன். வழியை எழுதியவனுக்குத்தான் முழு மதிப்பெண். 1983-இன் விடை உன் பெயரில் இருக்கிறது. வழி என்னுடையது. என் பெயரைத் தரையில் எழுத வேண்டாம். நீ மைக் முன்னால் நின்று ஒரு முறை சொல்: "என் அண்ணன்தான் என்னை நிறுத்தினான்." ப்ரென்ட் காதில் அது விழ வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. ரோடாவுக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன்.

வெர்லின்

*

ஜனவரி 4, 2010

அண்ணா,

பொட்டலம் வந்தது. ரோடா பாதாம் ரொட்டி முழுவதையும் ஒரே நாளில் முடித்துவிட்டாள். "பெரியப்பா ஏன் வரலை?" என்று கேட்டாள். "பெரியப்பாவுக்கு என்மேல கோபம்" என்றேன். "நீ என்ன பண்ணுன?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

லோயிஸ் அண்ணியின் அடக்கத்தன்று நான் செய்தது தப்பு. நீ எழுதும்வரை எனக்கு அது தெரியவே இல்லை. அது இன்னும் பெரிய தப்பு.

இப்போது என் முறை. பொறாமை உனக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதே.

சபையில் நாம் உட்காரும் வரிசை நினைவிருக்கிறதா? கோடியில் அப்பா, அடுத்து நீ, அடுத்து நான். போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் அப்பா கோட்டுப் பையில் கையை விடுவார். இரண்டு பெப்பர்மின்ட் எடுப்பார். இரண்டையும் உன் கையில் வைப்பார். நீ ஒன்றை என்னிடம் தள்ளுவாய். பதினெட்டு வயதுவரை எனக்கு ஒரு பெப்பர்மின்ட்கூட அப்பா கையிலிருந்து நேராக வந்ததில்லை. எல்லாம் உன் கைச்சூட்டோடு வந்தவை. ஒருநாள் நீ இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டு நேராகப் போதகரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போது ஆறு வயது. இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வயலில் நீ, கறவையில் நீ, வரவுசெலவு நோட்டில் நீ. அப்பா என்னிடம் பேசினால், "உங்கண்ணன் எங்க?" என்பதற்காகத்தான் இருக்கும். நான் பந்தைக் கையில் எடுத்ததே, உனக்கு அது வராது என்பதால்தான்.

அப்படிப்பட்ட மனிதர், நான் ஆடினால் தன் பெஞ்சையே விட்டுவிடுவேன் என்றார். மூப்பராகப் பதினைந்து வருடம் உட்கார்ந்த பெஞ்சு. அதை எனக்காகப் பணயம் வைத்தார். அண்ணா, கோப்பை போனதற்கு நான் ஒரு வாரம் அழுதேன். பிறகு இதை நினைத்தேன். அப்பா என்னைப் பற்றி எடுத்த ஒரே பெரிய முடிவு அது. பெரிய பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டபோதெல்லாம் அந்த பெஞ்சைத்தான் நினைத்துக்கொண்டேன். பையன்களுக்காக ஜெபிக்கும்போதும் அதுதான் கண்முன்னால் வரும். மிச்சமெல்லாம் உன்னுடையது. இது ஒன்று என்னுடையது.

ஆனாலும் நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். பதினாறாம் தேதி, மைக் முன்னால், உன் பெயர், அப்பா சொன்ன சொல், எல்லாவற்றையும். ப்ரென்ட்டை முதல் வரிசையில் உட்கார வைக்கிறேன்.

நீ வா.

கெரிட்

*

ஜனவரி 13, 2010

கெரிட்,

சொல்லாதே.

உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று உன் வீட்டுக்கு நடந்து வந்தேன். ஜன்னலில் நீ தெரிந்தாய். ரோடாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அவள் ஏதோ சொல்ல, நீ சிரித்தாய். கதவைத் தட்டத் தூக்கிய கையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய ஒரு பிள்ளை, முழு மதிப்பெண் போட்ட தாளை நான் கொடுத்ததும் அழுதான். "ஏன்டா அழுற?" என்றேன். "நீங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்களே சார்" என்றான். இன்று எனக்கு அவன் நிலைமை.

நீ முதல்முறை கூப்பிட்டபோது அப்பா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டின் கீழே நின்றேன். ஏறவில்லை. கால் மணி நேரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ மறுபடி கூப்பிட்டதும், அப்பா சொன்னதாகச் சொன்னேன். பதவி, பெஞ்சு, எல்லாம் என் வாயில் வந்தவை. கேட்டாலும் இதைத்தானே சொல்லப்போகிறார், ஒரு மூப்பர் வேறென்ன சொல்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் நான் நின்ற காரணம் அது இல்லை.

வெள்ளிக்கிழமை அரையிறுதியை வானொலியில் கேட்டோம். கடைசிப் பந்து விழுந்ததும் அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நம்ம பையன்டா, நம்ம பையன்!" என்றார். நான் பட்டம் வாங்கி வந்த அன்று, "பனி விழறதுக்குள்ள சோளத்த அறுத்து முடிச்சிரணும்" என்றார். நாற்பத்தோரு வயதில், மனைவியும் மகனும் உள்ளவன், அந்த ஒரு சிரிப்பைத் தாங்க முடியாமல் படிக்கட்டின் கீழே நின்றேன்.

அப்பா உன்னைத் தடுக்கவில்லை. அவரை யாரும் கேட்கவே இல்லை. மறுநாள் காலை விஷயம் தெரிந்தபோது அவர் சொன்னது வேறு.

இதை நாளை தபாலில் போடுகிறேன். சனிக்கிழமை காலை உன் கையில் இருக்க வேண்டும். தொலைபேசியை எடுத்தால் ஒரு நிமிடத்தில் முடியும் காரியம். எடுக்க முடியவில்லை. கடிதம் தாமதமாகிவிட்டால், நீ என் பெயரைச் சொல்வதை ஊர் ஒரு முறை கேட்டுவிடும் என்றும் மனத்தின் ஒரு மூலை நினைக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

வெர்லின்

*

ஜனவரி 18, 2010

அண்ணா,

சொல்லிவிட்டேன். நீ வரவில்லை. கதவுப் பக்கம் பத்துத் தடவை பார்த்திருப்பேன்.

"எனக்கு ஆடணும்னுதான் ஆசை. தடுத்தது எங்கண்ணன். தன் பெஞ்ச விட்டுருவேன்னு சொன்னது எங்கப்பா. நான் ரெண்டு பேர் சொன்னதக் கேட்டவன், அவ்வளவுதான்" என்றேன். அப்புறம் ப்ரென்ட் எழுந்து நின்றான். கை தட்டவில்லை, சும்மா நின்றான். பிறகு அரங்கமே எழுந்தது. உன் பழைய மாணவிகள், இப்போது பாட்டிகள், அழுதார்கள். லைல் போஸ்ட்மா ஓமஹாவிலிருந்து வந்திருந்தான். "அப்போ என் ஷூவுக்கு உங்கண்ணன்கிட்டதான் கேக்கணுமா, கோச்? சைஸ் பதினொன்னு" என்றான்.

வாசகத்தின் கீழே உன் பெயரையும் அப்பா பெயரையும் சேர்க்கிறார்கள். இந்த வாரமே.

இன்று விடுமுறை, தபால் போகாது. நாளைதான் போகும்.

கெரிட்

*

ஜனவரி 26, 2010

வெர்லின்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுதினால் கெட்ட வார்த்தை வரும் என்பதுதான்.

அரங்கத்துக்குப் போனேன். யாரும் இல்லை. பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. மூன்று பெயர்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ கேட்டது கிடைத்துவிட்டது. நல்லா இருக்கா?

கோப்பைக்காக எனக்குக் கோபம் வரவில்லை. பத்துப் பையன்களை நினைத்துதான் வந்தது. அதில் எட்டுப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். விலாசங்களை எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் நீ எழுத வேண்டும். லைலுக்கு முதலில்.

நான் ஞாயிற்றுக்கிழமை ஆடாதவனாக இருபத்தாறு வருடம் வாழ்ந்திருக்கிறேன். முதல் தடவை உன் பொய்யால். மிச்ச வருடங்கள் என் கணக்கில். அதைப் பற்றி யாரோடும் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஆனால் அந்த பெஞ்சு. அப்பா எனக்காகப் பணயம் வைத்த பெஞ்சு. அது ஒன்றுதான் அவர் கையிலிருந்து நேராக வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் உன் கைவழியாக வந்த பெப்பர்மின்ட்தான்.

ஆர்டித்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்களுக்கு அறுபதும் அறுபத்தேழும் ஆகுது, இன்னும் செத்துப்போன மனுஷன பங்கு போட்டுக்கிட்டு இருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்றாள். இல்லை என்றேன்.

"மறுநாள் காலை அவர் சொன்னது வேறு" என்று எழுதி அங்கேயே நிறுத்திவிட்டாய். இப்போதும் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு போதகரைப் பார்க்கிறாய். அப்பா என்ன சொன்னார்? எங்கே உட்கார்ந்திருந்தார்? கையில் என்ன இருந்தது? ஒரு சொல் விடாமல் வேண்டும். அது என்னுடையது.

பிப்ரவரி ஆறாம் தேதி அடுத்த ஆட்டம். உன் ஐந்து நிமிடம் இன்னும் இருக்கிறது. ப்ரென்ட்டுக்கு நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

கெரிட்

*

பிப்ரவரி 2, 2010

கெரிட்,

எட்டுக் கடிதங்களும் எழுதியாயிற்று. லைலுக்கு எழுதியது நான்கு பக்கம். உதாரணம் எதுவும் இல்லாமல் எழுதினேன். பதினொன்றாம் எண் காலணி ஒரு ஜோடியும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆறாம் தேதி பேசுகிறேன். இன்று மதியம் ப்ரென்ட்டைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன், "ஆறாம் தேதி நான் வண்டி கொண்டு வர்றேன், தனியா போகாதீங்கப்பா" என்றான்.

இனி உன்னுடையது.

அப்பா சமையலறையில், அடுப்புப் பக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சபைக்குப் போகும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். காப்பியைச் சாசரில் ஊற்றிக்கொண்டிருந்தார். "கெரிட் ஆடலப்பா. வீட்டுக்கு வர்றான்" என்றேன்.

"ஏன்? அடிகிடி பட்டிருச்சா?"

"ஓய்வுநாளாச்சேப்பா."

சாசரைக் கீழே வைத்தார். "மாடு குழியில விழுந்தா ஓய்வுநாள்னு பாத்துக்கிட்டா நிப்போம்? பத்துப் பசங்க அவன நம்பிப் போயிருக்கானுங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." கொஞ்ச நேரம் கழித்து, "நான் அவ்வளவு கடுமையான ஆளுன்னு நெனச்சுட்டான் போல" என்றார். அவர் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குள் ஊரே உன்னைக் கொண்டாட ஆரம்பித்துவிட்டது. அவர் அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. உன் வீரத்தைக் கலைக்கக் கூடாது என்று இருந்திருப்பார்.

இன்னொன்று இருக்கிறது. அன்று மதியம் இரண்டு மணிக்கு அவர் வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனியில் நின்ற பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு வானொலியைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமையில் அவர் வானொலியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. குமிழைத் திருகித் திருகிக் கான்சாஸ் சிட்டியைத் தேடினார். ஆட்டம் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் தேடினார். கறவை நேரம் வரை அங்கேயே இருந்தார்.

உள்ளே வந்ததும் கோட்டுப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். "கெரிட் வந்தா குடு" என்றார். ஒன்றே ஒன்று. எனக்கு இல்லை.

அதை நான் தின்றுவிட்டேன்.

இந்த உறையில் ஒன்று இருக்கிறது. தபால்தலை ஒட்டவில்லை. நான்கு தெருவும் நடந்து வந்து, உன் வாசலில் நின்றுகொண்டுதான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன். கை குளிரில் விறைக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வெர்லின்